தலைக்கு மேல் 150 லிட்டர்: தென்னாப்பிரிக்காவில் வீடு வாங்கியவர்களுக்குக் கீசர் வழிகாட்டி

தமிழ்நாட்டுப் பழக்கம் வேறு. குளியலறைச் சுவரில் 15 லிட்டர் ஹீட்டர் தொங்கும். குளிக்கப் போகும் முன் சுவிட்சைப் போடுவோம், குளித்துவிட்டு அணைப்போம். தென்னாப்பிரிக்க வீட்டில் கீசர் கண்ணிலேயே படாது. சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே, பெரும்பாலும் குளியலறைக்கோ படுக்கையறைக்கோ நேர் மேலே, 100, 150 அல்லது 200 லிட்டர் இரும்புத் தொட்டியாகப் படுத்திருக்கும். ஆண்டு முழுக்க மின்சாரத்தில், முழு அழுத்தத்தில், 60 டிகிரி சூட்டில். தண்ணீரோடு சேர்த்து 150 லிட்டர் கீசர் ஏறக்குறைய 200 கிலோ எடை.

வீடு கைக்கு வந்ததும் சுவருக்கு வண்ணம் அடிக்கிறோம், கேட் மோட்டாரை மாற்றுகிறோம். கீசரை மட்டும் அது வெடிக்கும் நாள் வரை யாரும் பார்ப்பதில்லை. அந்த நாளில் இழப்பைக் கூட்டுவது தண்ணீர் மட்டுமல்ல. எந்த வால்வை மூடுவதென்று தெரியாதது, எந்தத் தாள் எங்கே என்று தெரியாதது, யாரை முதலில் கூப்பிடுவதென்று தெரியாதது, இவை மூன்றும் தண்ணீரைவிட அதிகம் செலவு வைக்கும். டர்பன் பக்கம் (சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம், டோங்காட், ரெசர்வாயர் ஹில்ஸ்) வீடு வாங்கியவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. ஜோகன்னஸ்பர்க், மிட்ராண்ட் பக்கம் இருப்பவர்களுக்கும் விதிகள் அவையேதான்; எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

1. முதல் வாரம்: மூன்று இடங்களைக் கண்டுபிடியுங்கள்

முதலாவது, டி.பி. போர்டில் (மின் பகிர்வுப் பெட்டியில்) கீசருக்கான பிரேக்கர். பெரும்பாலும் 20 ஆம்ப். பெயர் ஒட்டியிருந்தாலும் நம்ப வேண்டாம். முந்தைய உரிமையாளர் ஏதோ வேலை செய்தபோது இடம் மாறியிருக்கலாம். இரவில் எல்லாரும் குளித்து முடித்ததும் அந்த பிரேக்கரை இறக்கிவிட்டு, காலையில் தண்ணீர் வெதுவெதுப்பாக மட்டும் வருகிறதா என்று பாருங்கள். உறுதியானதும் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வீட்டு பிளக்குகளை 30 மில்லிஆம்ப் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) காப்பாற்றும். பல வீடுகளில் கீசரும் அடுப்பும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே இணைக்கப்பட்டிருக்கும். எர்த் லீக்கேஜ் சுவிட்சை இறக்கிவிட்டுக் கீசரில் கை வைத்தால் கம்பியில் மின்சாரம் இருக்கக்கூடும்.

இரண்டாவது, நகராட்சி மீட்டரை அடுத்து வீட்டுக்குள் வரும் பிரதான ஸ்டாப்காக், அதாவது வீட்டுத் தண்ணீர் முழுவதையும் நிறுத்தும் வால்வு. அதைத் திருகிப் பாருங்கள். பழைய வீடுகளில் இது துருவேறி இறுகிப்போயிருக்கும், அல்லது புல்தரைக்கு அடியில் புதைந்திருக்கும். சாதாரண நாளில் ஸ்பேனர் வைத்தும் திருப்ப முடியாதது, சீலிங்கிலிருந்து தண்ணீர் கொட்டும் இரவில் கண்டிப்பாகத் திரும்பாது. இறுகியிருந்தால் இப்போதே பிளம்பரைக் கொண்டு கால் திருப்பில் மூடும் பால் வால்வாக மாற்றிவிடுங்கள். சிறிய செலவு, இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாச் செலவிலும் பயன் மிகுந்தது இதுதான்.

மூன்றாவது, கீசருக்கு மட்டும் குளிர்நீர் போகும் குழாயில் உள்ள வால்வு. சில வீடுகளில் வெளிச்சுவரில், சிலவற்றில் சீலிங்குக்குள். இது இருந்தால், கீசர் போனாலும் கழிப்பறைக்கும் சமையலறைக்கும் தண்ணீர் நிற்காது.

வீட்டில் இருக்கும் எல்லாருக்கும், ஊரிலிருந்து மூன்று மாதம் வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாவுக்கும், இந்த மூன்றையும் காட்டிவிடுங்கள். பகலில் வீட்டில் இருப்பது அவர்கள்தான்.

2. ஏறிப் பாருங்கள்; ஆனால் கால் வைக்கும் இடம் தெரிந்து

டர்பன் வெயிலில் கூரைக்கு அடியில் நண்பகலில் நிற்கவே முடியாது. காலை ஏழு மணிக்கு முன் ஏறுங்கள். பிரேக்கரை இறக்கிவிட்டு, தலைவிளக்கு, முகக்கவசம், முழுக்கைச் சட்டையோடு போங்கள். கால் மரச்சட்டத்தின் மேல் மட்டும் படட்டும். சீலிங் போர்டு ஓர் ஆளைத் தாங்காது.

பழைய கவுன்சில் வீடுகளில் கூரை ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்கலாம். அதைத் துளைக்கவோ, உடைக்கவோ, தேய்க்கவோ கூடாது. குழாயை வெளியே கொண்டுபோக வழி தேவையென்றால் சுவர் வழியாகப் போகட்டும். சில வீடுகளில் சீலிங்குக்கு மேல் இடமே இல்லாமல் கீசர் வெளிச்சுவரில் நின்றபடி பொருத்தப்பட்டிருக்கும். கடற்கரை உப்புக்காற்று அதன் தாங்கிகளையும் போல்ட்டுகளையும்தான் முதலில் தின்னும். அங்கே துருவைப் பாருங்கள்.

கீசரின் பக்கவாட்டில் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதைத் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: தயாரிப்பாளர், லிட்டர், கிலோவாட், கிலோபாஸ்கல், சீரியல் எண், தயாரித்த தேதி. காப்பீட்டாளரும் தயாரிப்பாளரும் கேட்கப்போவது இதைத்தான். வெடித்த பிறகு ஈரத்தில் ஸ்டிக்கர் உரிந்து போயிருக்கும்.

பிறகு ஒவ்வொரு உறுப்பாகப் பாருங்கள். கீசர் பொருத்தும் முறைக்கான தேசியத் தரம் எஸ்.ஏ.என்.எஸ். 10254. வரிவரியாக அதைப் படிக்க வேண்டியதில்லை. கீழே உள்ளவை இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு: குளிர்நீர் நுழையும் இடத்தில் பித்தளையில் இருக்கும். மேல் எழுதியிருக்கும் அழுத்தம், கீசர் தகட்டில் உள்ள அழுத்தத்தை மீறக் கூடாது. இன்று விற்பவை பெரும்பாலும் 400 கிலோபாஸ்கல் வால்வோடு வரும். பழைய 100 அல்லது 200 கிலோபாஸ்கல் கீசரில் யாரோ 400 வால்வைப் போட்டு வைத்திருந்தால், ஷவர் நன்றாக வரும். தொட்டி சீக்கிரம் போகும். "தண்ணீர் இப்போது ஜோராக வருகிறது" என்று முந்தைய உரிமையாளர் பெருமைப்பட்ட வீடுகளில் இதைத் தவறாமல் பாருங்கள்.

பாதுகாப்பு வால்வு: கீசரின் உடம்பிலேயே பொருத்திய, வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் திறக்கும் வால்வு. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகித் தண்ணீர் கொதிநிலையை நெருங்கினால் திறந்து கொட்டிவிடும். இதிலிருந்து கிளம்பும் குழாய் உலோகமாக, வழக்கமாக 22 மி.மீ. செம்பாக, கீழ்நோக்கிய சரிவோடு வீட்டுக்கு வெளியே போய்த் திறந்த வாயோடு முடிய வேண்டும். நடுவே வால்வோ, முனையில் மூடியோ கூடாது. பிளாஸ்டிக் குழாய் அந்தச் சூட்டில் மடிந்து அடைத்துக்கொள்ளும். ஒழுகுகிறதே என்று முனையில் மூடி போட்டு வைத்திருப்பதைக் கண்டால் பிரேக்கரை இறக்கிவிட்டு அன்றே பிளம்பரைக் கூப்பிடுங்கள். ஆவி போக வழியில்லாத தொட்டி கூரையையே பெயர்த்துக்கொண்டு போகும்.

வேக்குவம் பிரேக்கர்: குளிர்நீர்க் குழாயில் ஒன்று, சுடுநீர்க் குழாயில் ஒன்று, கீசரின் மேல்மட்டத்திலிருந்து குறைந்தது 300 மி.மீ. உயரத்தில். டர்பனில் தண்ணீர் நிறுத்தம் வாடிக்கையாகிவிட்டது. குழாயில் தண்ணீர் பின்வாங்கும்போது தொட்டியை உறிஞ்சி நசுங்க வைக்காமல் காற்றை உள்ளே விடுவது இவைதான். அதனால் இங்கே இவை இல்லாமல் இருக்கவே கூடாது.

டிரிப் டிரே: கீசருக்கு அடியில் தட்டு. அதிலிருந்து 40 அல்லது 50 மி.மீ. பிவிசி குழாய் வெளியே போக வேண்டும். தட்டு இருக்கும், குழாய் இருக்காது. அல்லது குழாய் மேல்நோக்கி ஏறிப் போகும். ஒரு குவளை தண்ணீரைத் தட்டில் ஊற்றிவிட்டு வெளியே வருகிறதா என்று கீழே ஒருவரை நிறுத்திப் பாருங்கள். தட்டு சிறு கசிவுக்குத்தான். தொட்டி பிளந்து, நகராட்சிக் குழாயின் முழு வேகத்தில் தண்ணீர் வந்தால் அதற்குத் தாங்காது.

மின்பக்கம்: கீசருக்கு அருகிலேயே ஐசோலேட்டர் சுவிட்ச், குழாய்களைச் சேர்த்துக் கட்டிய எர்த் கம்பி. குழாயைத் தொட்டால் லேசாக விறுவிறுக்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் "ஈரக்கை" என்று தட்டிக்கழிக்காமல் பிரேக்கரை இறக்குங்கள். எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும் வரை போட வேண்டாம்.

கடைசியாக, கீசர் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். எடை கூரைச் சட்டங்களுக்குக் குறுக்கே போட்ட கட்டைகளில் இறங்க வேண்டும். கீசரை ஒட்டி முதல் ஒரு மீட்டராவது செம்புக் குழாயாக இருக்க வேண்டும். குழாய்களுக்கு நுரை உறை போட்டிருந்தால் நல்லது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஜூன், ஜூலை உறைபனியில் வெளியே ஓடும் உறையில்லாத குழாய்கள் விரிசல் விடும். அங்கே உறை கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

3. தாள்களை ஒரு கோப்பில் சேருங்கள்

வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் கட்டடக் காப்பீடு இருக்கும். வங்கி அதைக் கேட்டிருக்கும். கீசரும், அது வெடித்துச் சீலிங் பாழாவதும் வழக்கமாக அந்தக் கட்டடக் காப்பீட்டில்தான் வரும். டிவி, கட்டில், துணிமணிக்கான வீட்டுப் பொருள் காப்பீடு வேறு. அதில் கீசர் வராது. ஆனால் கீசர் தண்ணீரில் நனைந்த மெத்தை அதில்தான் வரும். இரண்டும் ஒரே நிறுவனத்தில் இருந்தாலும் இரண்டு கழிவுத் தொகை (கோரிக்கையில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) கேட்கலாம்.

பாலிசியில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: கீசருக்கான தனிக் கழிவுத் தொகை எவ்வளவு; தொட்டி வெடித்தால் மட்டுமா, எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி), தெர்மோஸ்டாட், வால்வு போனாலும் உண்டா; உச்சவரம்பு உண்டா; அவசர எண் எது. அந்த எண்ணைக் கைப்பேசியில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது மின்சார இணக்கச் சான்றிதழ். எல்லாரும் சி.ஓ.சி. என்றே சொல்கிறார்கள். வீடு கைமாறும்போது விற்பவர் தரும் இந்தச் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. உங்கள் பத்திர வழக்கறிஞரிடம் பிரதி இருக்கும். சான்றிதழோடு பரிசோதனை அறிக்கையும் சேர்ந்திருக்க வேண்டும். முதல் பக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கேப் டவுனில் வீடு விற்கும்போது தண்ணீர்க் குழாய் அமைப்புக்கும் சான்றிதழ் தர வேண்டும் என்று நகராட்சித் துணைவிதி இருக்கிறது. டர்பனில் அப்படி இல்லை. இங்கே வழக்கமாகக் கேட்கும் வண்டுச் சான்றிதழ் கூரை மரத்தைப் பற்றியது. கீசரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. ஆக, எல்லாச் சான்றிதழும் வாங்கியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்பவரின் கோப்பில் கீசர் குழாய்களைப் பற்றி ஒரு தாளும் இருக்காது.

வாங்கும்போது விற்பவர் கையெழுத்திட்ட குறை அறிவிப்புப் படிவமும் இருக்க வேண்டும். 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சொத்து முகவர் சட்டப்படி முகவர் அதை வாங்கித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று ஒரு பிரிவு இருக்கும். உள்ளது உள்ளபடி வாங்குகிறேன் என்று நீங்கள் ஒப்புக்கொண்டது. ஆனாலும் விற்பவர் ஒரு குறையைத் தெரிந்தே மறைத்திருந்தால் அந்தப் பிரிவு அவரைக் காப்பாற்றாது. குறை அறிவிப்பில் "சுடுநீர் அமைப்பில் குறை இல்லை" என்று எழுதி, முனை மூடிய குழாயும் இருந்தால், படத்தோடு உடனே வழக்கறிஞருக்கு எழுதுங்கள். மாதக்கணக்கில் தள்ளிப் போட்டால் வாதம் தளர்ந்துவிடும்.

கீசர் மாற்றியிருந்தால் அதன் விலைச்சீட்டு, உத்தரவாதத் தாள், பிளம்பரின் இணக்கச் சான்றிதழ் மூன்றையும் முந்தைய உரிமையாளரிடம் கேளுங்கள். தொட்டிக்கு வழக்கமாக 5 ஆண்டு உத்தரவாதம், எலிமென்ட், தெர்மோஸ்டாட்டுக்கு 1 ஆண்டு. தொட்டி 5 ஆண்டுக்குள் கசிந்தால் காப்பீட்டுக்குப் போகும் முன் தயாரிப்பாளரைக் கேளுங்கள். கழிவுத் தொகை மிச்சமாகும். ஆழ்துளைக் கிணற்று நீர் பயன்படுத்துகிறீர்கள் என்றால் உத்தரவாத நிபந்தனைகளை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

4. எங்கே ஒழுகுகிறது என்பதுதான் நோய்க்குறி

வெளிச்சுவரில் இரண்டு மூன்று குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். எது எதிலிருந்து வருகிறது என்று ஏறிப் பார்த்தபோதே குறித்து வைத்திருந்தால், கீழே நின்றே பாதி நோயைச் சொல்லிவிடலாம்.

அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வின் குழாயில், தண்ணீர் சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. 150 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 2 லிட்டருக்குச் சற்று மேல் விரியும். அந்த உபரிதான் வெளியே வருகிறது.

அதே குழாய் இரவும் பகலும் நிற்காமல் ஒழுகினால் இரண்டு காரணங்களில் ஒன்று. தண்ணீர் நிறுத்தத்துக்குப் பின் வரும் மண்ணும் துருவும் வால்வின் இருக்கையில் மாட்டியிருக்கலாம். பிளம்பர் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினால் சரியாகும். இல்லையென்றால் வால்வை மாற்ற வேண்டும். இன்னொன்று தந்திரமானது. ஷவரிலும் சமையலறையிலும் மிக்சர் குழாய் இருந்து, அதற்குப் போகும் குளிர்நீர் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வைக் கடக்காமல் நேராக நகராட்சிக் குழாயிலிருந்து வந்தால், இரவில் நகராட்சி அழுத்தம் ஏறும்போது குளிர்நீர் மிக்சர் வழியாகச் சுடுநீர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு புகுந்து கீசர் வால்வில் ஒழுகும். வால்வை மூன்று முறை மாற்றினாலும் நிற்காது. "வீடு முழுக்கச் சமநிலை அழுத்தமா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி புரியாத பிளம்பரை அனுப்பிவிடலாம்.

பாதுகாப்பு வால்வின் செம்புக் குழாயில் கொதிக்கும் தண்ணீரோ ஆவியோ வந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது. பிரேக்கரை இறக்குங்கள். சுடுநீர்க் குழாய் எதையும் யாரும் திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டால் தானாகத் தணியும்.

டிரே குழாயில் தண்ணீர் வந்தால் தொட்டியோ இணைப்போ கசிகிறது. இணைப்பு என்றால் பிழைத்தீர்கள். தொட்டியின் வெளித்தகட்டுக்கும் உள்தொட்டிக்கும் நடுவே இருந்து துருநிறத்தில் வந்தால் அது செத்துவிட்டது. ஒட்டுப் போட முடியாது. முழுவதுமாகப் பிளப்பதற்கு முன் உங்களுக்குக் கிடைத்த அவகாசம் அது.

தண்ணீர் சூடாகவே இல்லை, அல்லது பிரேக்கர் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் எலிமென்ட் அல்லது தெர்மோஸ்டாட். வரும் எலக்ட்ரீசியனை உங்கள் முன் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட்டில் 3 கிலோவாட் எலிமென்ட் 17 முதல் 18 ஓம் காட்டும். 2 கிலோவாட் 26 ஓம் பக்கம். 4 கிலோவாட் 13 ஓம். முடிவில்லா எண் காட்டினால் அறுந்துவிட்டது. சரியான எண்ணைக் காட்டி, எலிமென்ட்டுக்கும் தொட்டியின் உலோகத்துக்கும் நடுவே கசிவும் இல்லையென்றால், கீசரையே மாற்ற வேண்டும் என்று சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். சில நூறு ராண்ட் பொருளுக்குப் பதிலாகப் பல்லாயிரம் ராண்ட் வேலையை விற்பது இந்தத் தொழிலில் புதிதல்ல.

5. தொட்டி நீண்டநாள் வாழ: ஆனோடும் தெர்மோஸ்டாட்டும்

தொட்டிக்குள் ஆனோட் என்ற மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். தொட்டி இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்வது அதன் வேலை. அது கரைந்து முடிந்ததும் தண்ணீர் தொட்டியைத் தின்னத் தொடங்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பிளம்பரைக் கொண்டு கழற்றிப் பாருங்கள்; நடுக்கம்பி தெரியும் அளவு மெலிந்திருந்தால் மாற்றுங்கள். தொட்டியை வடித்து, எலிமென்ட் தகட்டைத் திறக்க வேண்டியிருக்கும். திறந்தால் கேஸ்கெட் புதிது போட வேண்டும். பழையதையே வைத்து இறுக்கினால் ஒரு மாதத்தில் கசியும். அதே வேளையில் அடியில் படிந்த வண்டலையும் கழுவிவிடச் சொல்லுங்கள். விலைச்சீட்டில் 'ஆனோட் மாற்றம்' என்று எழுதி வாங்குங்கள். பராமரிப்பு இல்லை என்று காப்பீட்டாளர் மறுக்கும்போது இந்த ஒரு வரி பேசும்.

தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். 70 வைத்தால் மின்கட்டணமும் கூடும், குழந்தைகள் கையும் வெந்துபோகும். செலவைக் குறைக்க 45, 50 என்று இறக்கினால் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளர ஏற்ற சூடாகிவிடும். ஒரு கணக்கு: 150 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 7 யூனிட் ஆகும், 3 கிலோவாட் எலிமென்ட்டுக்கு 2 மணி 20 நிமிடம். யூனிட் 3 ராண்ட் என்று கொண்டால் 21 ராண்ட். டைமர் போட்டு மிச்சப்படுத்தலாம். ஆனால் நான்கு பேர் குளிக்கும் வீட்டில் ஷவர் தலையை மாற்றுவது டைமரைவிட அதிகம் மிச்சப்படுத்தும் என்பது என் கணிப்பு.

6. வெடித்த நாளில், இந்த வரிசையில்

மின்சாரம் முதலில். கீசர் பிரேக்கரையும், தண்ணீர் விழும் அறையின் விளக்கு பிரேக்கரையும் இறக்குங்கள், டி.பி. போர்டே நனைந்திருந்தால் அதைத் தொடாதீர்கள், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

அடுத்து தண்ணீர்: கீசர் வால்வு கைக்கு எட்டினால் அது, இல்லையென்றால் பிரதான ஸ்டாப்காக். பிறகு கீழே உள்ள ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள்.

சீலிங் போர்டு வயிறு தள்ளிக்கொண்டு தொங்கினால் அதற்கு நேர் கீழே நிற்காதீர்கள். பக்கவாட்டில் நின்று, நீளக்கம்பில் கட்டிய திருப்புளியால் தாழ்ந்த இடத்தில் ஒரு துளை போட்டு வாளியில் பிடியுங்கள். ஒரு துளையில் வடித்துவிட்டால் முழு போர்டும் இடிந்து விழாமல் தப்பலாம். வருவது 60 டிகிரித் தண்ணீர் என்பதை மறக்க வேண்டாம்.

பிறகு படமும் காணொளியும். அதன்பின் காப்பீட்டாளரின் அவசர எண். இதற்குமுன் நீங்களே ஒரு பிளம்பரைக் கொண்டு கீசரை மாற்றிவிட்டால், "நாங்கள் பார்க்கவில்லை" என்ற பதில் வரலாம். தண்ணீரை நிறுத்தும் அளவுக்கு அவசர வேலை செய்துகொள்ளலாம். மாற்றும் வேலைக்குக் கோரிக்கை எண் வாங்கிய பிறகுதான். பழைய கீசரைச் சீரியல் எண்ணோடு படம் எடுக்காமல் வீட்டைவிட்டு வெளியே போக விடாதீர்கள். பழைய இரும்புக்காரர் கேட்டைத் தட்டுவார். உரிமைக் கோரிக்கை முடியும் வரை கொடுக்க வேண்டாம்.

7. மாற்றும்போது: யார், எவ்வளவு, எப்போது

பிளம்பர் பி.ஐ.ஆர்.பி. என்ற குழாய்த்தொழில் பதிவு வாரியத்தில் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். அட்டையைக் கேளுங்கள், எண்ணை வாரியத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். அட்டை இருப்பவர் விலைபேசிவிட்டு உதவியாளை மட்டும் அனுப்பும் பழக்கம் உண்டு. சான்றிதழில் கையெழுத்திடுபவர் வேலையை நேரில் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பக்கி வண்டியில் (சிறு சரக்கு வண்டியில்) வந்து பாதி விலைக்கு முடித்துத்தருகிறேன் என்பவர் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம். சான்றிதழ் தர முடியாதவரின் வேலைக்கு அடுத்த கோரிக்கையில் காப்பீட்டாளர் மதிப்புத் தரமாட்டார்.

விலைக்குறிப்பில் ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்கட்டும்: கீசரின் மாதிரி, லிட்டர், கிலோபாஸ்கல், புதிய அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு, பாதுகாப்பு வால்வு, இரண்டு வேக்குவம் பிரேக்கர், டிரேயும் அதன் குழாயும், செம்பு வெளியேற்றக் குழாய், ஐசோலேட்டர், எர்த் இணைப்பு, குழாய் உறை, பழையதை இறக்குவது, இணக்கச் சான்றிதழ். "வால்வு செட் பழையதே நன்றாக இருக்கிறது" என்று ஒரு குறைந்த விலை வரும். அதை ஏற்காதீர்கள். புதிய தொட்டியின் உத்தரவாதமே பழைய வால்வால் போய்விடலாம்.

150 லிட்டர் கீசர் பொருத்தும் கூலியோடு இன்று ஏறக்குறைய 10,000 முதல் 16,000 ராண்ட் வரை கேட்கிறார்கள். கூரைக்குள் இடுக்கு, பழைய குழாய் மாற்றம் என்று ஏறும். மூன்று விலைக்குறிப்பு வாங்குங்கள். முழுப்பணத்தையும் முன்கூட்டியே தராதீர்கள். கடைசிப் பகுதி சான்றிதழ் கைக்கு வந்த பிறகு.

காப்பீட்டாளர் தரப்பு பிளம்பர் வந்தாலும் செலவே இல்லை என்று எண்ண வேண்டாம். அவர்கள் கீசரை மாற்றித் தருவார்கள். உங்கள் பழைய அமைப்பில் டிரே இல்லை, செம்புக் குழாய் இல்லை என்றால், அதைத் தரத்துக்குக் கொண்டுவரும் செலவு உங்கள் தலையில் விழலாம். அதைச் செய்யாமல் சான்றிதழும் தரமுடியாது. இரண்டாம் பகுதியில் சொன்ன குறைகளைச் சரிசெய்து வைத்தவருக்கு இந்த இடத்தில் பணம் மிஞ்சும்.

புதிய கம்பியோ ஐசோலேட்டரோ போட்டால், தொழிலாளர் துறையில் பதிவான எலக்ட்ரீசியன் துணைச் சான்றிதழ் தர வேண்டும். அது உங்கள் பழைய சி.ஓ.சி. எண்ணோடு இணையும், அதனால் கோப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்: வேலை அரைநாள். கோரிக்கை ஒப்புதல் ஓரிரு நாள் ஆகலாம். குளிர்காலத்தில் கீசர்கள் அதிகம் போவதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிளம்பர் கிடைப்பது சிரமம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை கட்டுமானத் தொழிலே விடுமுறை எடுத்துக்கொள்ளும். அவசர ஆள் மட்டும், அவசரக் கட்டணத்தில். டிரேயில் கசிவைக் கண்டது நவம்பர் என்றால் புத்தாண்டு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். தைப்பூசக் காவடிக்கு வீடு நிறைய உறவினர் வரும் நாளுக்கும் அது மிக அருகில்.

8. ஃபிளாட், கூட்டுக் குடியிருப்பு என்றால்

அம்ஹ்லாங்கா, மிட்ராண்ட் பக்கம் செக்ஷனல் டைட்டில் வீடுகளில் (உங்கள் வீடு உங்களுக்கு, கூரையும் சுவரும் பொதுவில்) கட்டடக் காப்பீட்டை உரிமையாளர் சங்கம் எடுத்திருக்கும். ஆனால் உங்கள் வீட்டுக்கு மட்டும் சுடுநீர் தரும் கீசரைப் பராமரிப்பது உங்கள் பொறுப்பு, அது பொதுக் கூரைக்குள் இருந்தாலும் சரி. கழிவுத் தொகையும் பொதுவாக உங்களுடையதே. கோரிக்கையைச் சங்கத்தின் மேலாளர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அவருடைய வார இறுதி எண்ணை வாங்கி வையுங்கள். கீழ்வீட்டுச் சீலிங் கெட்டால் பேச்சு நீளும். படங்களும் நேரக் குறிப்பும் அங்கே உதவும்.

9. மறுத்தால், பிறகு காய்ந்தால்

காப்பீட்டாளர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேய்மானம், பராமரிப்பின்மை என்று பொதுவாகச் சொன்னால் எந்த உறுப்பு, எந்தப் பிரிவு என்று கேளுங்கள். ஆனோட் விலைச்சீட்டு, ஏறிப் பார்த்தபோது எடுத்த படங்கள், சான்றிதழ்கள் மூன்றையும் இணைத்து முதலில் நிறுவனத்தின் உள்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் நகரவில்லை என்றால் தேசிய நிதி ஆம்பட் திட்டத்துக்கு (காப்பீடு, வங்கிப் புகார்களை விசாரிக்கும் அமைப்புக்கு) போகலாம். நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. வேலை செய்த பிளம்பரிடம் தகராறு என்றால் பி.ஐ.ஆர்.பி.யில் புகார் கொடுக்கலாம். ஆனால் அவர் சான்றிதழ் கொடுத்திருந்தால்தான் அவர்கள் கை நீளும்.

சீலிங்கை அவசரப்பட்டு மூடாதீர்கள். நனைந்த கண்ணாடிப் பஞ்சை எடுத்துவிட்டு, மேலே காற்றுப் போகும்படி சீலிங் கதவைத் திறந்து வையுங்கள். டர்பன் ஈரப்பதத்தில் மரம் காய வாரக்கணக்கில் ஆகும். காயாத மரத்தின்மேல் புதிய போர்டு அடித்தால் கரும்பூஞ்சை வரும். தொய்ந்த போர்டை மாற்ற வேண்டும். கறை மட்டும் படிந்து கெட்டியாக இருக்கும் போர்டை வைத்துக்கொள்ளலாம். அந்தக் கறையின்மேல் நேராகச் சாதாரண வெள்ளை பெயிண்டை அடித்தால் எத்தனை பூச்சு போட்டாலும் பழுப்பு வளையம் மேலே வந்துவிடும். முதலில் எண்ணெய் சார்ந்த அண்டர்கோட் அல்லது கறைமறைக்கும் பிரைமர் ஒரு பூச்சு, அது காய்ந்தபின் சீலிங் பெயிண்ட் இரண்டு பூச்சு.